சம்பந்தியம்மாவும் சீஸ் குச்சியும்

பாரிஸில் வோல்டேர் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில் நாங்கள் நடத்துவது ஜப்பான் கடை. வாசலில் செர்ரிப் பூ படம், உள்ளே காகித விளக்கு, மூங்கில் குச்சியில் குத்திச் சுட்ட யாகிடோரிக் கோழி. எல்லாம் ஜப்பான்தான், நாங்கள் மட்டும் இல்லை. நானும் என் கணவர் ஜெங்கும் சீனாவில் வென்ஜோ ஊர்க்காரர்கள். முதலில் சீனக் கடைதான் வைத்திருந்தோம். ஒரு வருடம் என்ன ஆயிற்றோ, இந்த ஊர்க்காரர்களுக்குச் சீனச் சாப்பாடு கசந்துபோனது. எங்கள் கடையில் ஈ ஓட்டினோம், எதிர்க்கடையில் சுஷிக்கு வரிசை நின்றது. ஜெங் சிவப்பு விளக்கைக் கழற்றிவிட்டு வெள்ளை விளக்கை மாட்டினார். மறுநாள் முதல் நாங்கள் ஜப்பான்காரர்கள். யாரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கடையைத் தூக்கி நிறுத்தியது சீஸ் குச்சி. மெல்லிய மாட்டிறைச்சிக்குள் சீஸை வைத்துச் சுருட்டி, குச்சியில் குத்தி, இனிப்புச் சாஸ் தடவிச் சுடுவது. ஜப்பானில் அப்படி ஒரு பண்டமே கிடையாதாம். எங்களைப் போலத் திடீர் ஜப்பான்காரர்களான எவனோ ஒரு புண்ணியவான் இந்த ஊரில் கண்டுபிடித்தது. சூப், முட்டைக்கோஸ், சோறு, ஐந்து குச்சி என்று மதியச் சாப்பாட்டை மலிவாகக் கொடுக்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கட்டட வேலைக்காரர்கள், மேல்மாடிக் கிழவர் முஸ்யே லகார்த், எல்லோருக்கும் அதில் இரண்டு சீஸ் குச்சியாவது இருக்கவேண்டும். இல்லையென்றால் முகம் சுருங்கிவிடும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில் என் மகள் எலோடி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். ஷுஹெய் என்ற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. எங்களுக்கும் பிடித்திருந்தது. தையல் வேலை படிக்க ஜப்பானிலிருந்து வந்தவன், அதிர்ந்து பேசாதவன். இப்போது அவனுடைய அம்மா ஃபுகுவோகாவிலிருந்து வருகிறாளாம். எங்கள் கடையில்தான் சாப்பிடவேண்டும் என்றாளாம்.

"திங்கக்கிழமை கடை லீவு. அன்னிக்கு வீட்டுக்கு வரச் சொல்லு. மீன் உருண்டை சூப் வச்சுத் தரேன்" என்றேன்.

"அவங்களுக்காக லீவு நாள்ல நாம சிரமப்பட வேணாம்னு சொல்றாங்கம்மா. வேலை நடக்கும்போதே வரேங்கறாங்க. சனிக்கிழமை மதியம்."

"அந்தம்மாவுக்கு நாம யாருன்னு தெரியுமா?"

"யாகிடோரி கடை வச்சிருக்கீங்கன்னு ஷுஹெய் சொல்லியிருக்கான்."

"வென்ஜோக்காரங்கன்னு?"

"ஜெங்குன்னு பேரு சொன்னா தெரியாதாம்மா?" என்று சிரித்தவள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, அவனுக்கு அப்பா இல்ல. அம்மாதான் எல்லாம். பிடிக்கலைன்னாலும் அவங்க ஒண்ணும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. சிரிச்சுக்கிட்டே ஊருக்குப் போயிடுவாங்க. அப்புறம் இவன் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போடுவான். எனக்கு அதுதான் பயம்."

என் பெண் எதற்கும் பயப்படாதவள். அப்போது பிரெஞ்சே தெரியாத எங்களுக்காக எட்டு வயதில் வரி அலுவலகத்தில் வாதாடியவள். அவள் பயந்ததும் எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதைவிட மோசமான நிலை என்னுடையது. ஊசியும் போலி, விற்பவளும் போலி. ஏமாற்றுக்காரக் குடும்பத்தில் என் பிள்ளை பெண்ணெடுப்பதா என்று அந்தம்மாள் நினைத்துவிட்டால்?

அன்றே ஜெங்கிடம் சொல்லிவிட்டேன். "சனிக்கிழமை சீஸ் குச்சி கிடையாது."

"சீஸ் இல்லாம கடை திறக்கறதுக்கு மூடிட்டே போயிடலாம்."

"நிஜமான ஜப்பான் குச்சி போடு. தோலு, ஈரலு, இதயம். போன்ல வீடியோ இருக்கு, பாத்துக் கத்துக்கோ."

"இந்த வயசுல எனக்குப் பாடமா? ஏய், அந்தம்மா சாப்பிட வராங்களா, பரீட்சை வைக்க வராங்களா?"

"உனக்கு என்னய்யா, அடுப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவ. முகத்தைக் காட்டப்போறது நான்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற. மறை, மறை" என்று சொல்லிவிட்டு அவர் முட்டைக்கோஸ் நறுக்கப் போனார்.

சாப்பாட்டுப் பட்டியல் அட்டைகளில் சீஸ் குச்சிப் படத்தின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினேன். ஒவ்வொரு அட்டையாக உட்கார்ந்து ஒட்டினேன். சுவரிலிருந்த பெரிய படத்தின் மேல் ஃபுஜி மலை நாட்காட்டியைத் தொங்கவிட்டேன். கோழித் தோலை ஜெங் முதல் நாள் கருக்கினார், இரண்டாம் நாள் வேகாமல் எடுத்தார், மூன்றாம் நாள் ஏதோ தேறியது. நாங்கள் இருவருமே அதைத் தின்று பார்த்துவிட்டு மீதியை ஒதுக்கி வைத்தோம்.

சனிக்கிழமை மதியம் ஷுஹெயின் அம்மா, கொகா அம்மாள் வந்தார். குள்ளமான உருவம், கச்சிதமான நீலக் கோட்டு, தோளில் ஒரு துணிப்பை. கதவு திறந்ததும் ஜெங் பழக்கதோஷத்தில், "இரஷ்ஷாய்மசே!" என்று கத்திவிட்டார். ஜப்பான் கடைகளில் விருந்தாளியை வரவேற்கிற அந்தச் சொல்லை எங்கள் ஊர் உச்சரிப்பில் கேட்ட அந்தம்மாள் ஒரு அடி பின்னால் போய்விட்டார். பிறகு இடுப்பு வரை குனிந்தார். நானும் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். நான் விடுவேனா? எலோடி என் முழங்கையைக் கிள்ளிய பிறகுதான் நிமிர்ந்தேன்.

அடுப்புக்கு எதிரே, தட்டு வைக்கும் நீளப் பலகையின் முன்னால் உட்காரவைத்தேன். ஷுஹெய் ஒரு பக்கம், எலோடி ஒரு பக்கம். அவர் ஜப்பான் மொழியில் பேச, பையன் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். தோல் குச்சி வந்தது. சாப்பிட்டார். "ரொம்ப நல்லா இருக்காம்" என்றான் ஷுஹெய். ஈரல் வந்தது. "ரொம்ப நல்லா இருக்காம்." இதயம் வந்தது. அதே சிரிப்பு, அதே வார்த்தை. கருகின இடத்தையும் விடாமல் மென்றார் பாவம். குறை சொல்கிறவளைச் சமாளித்துவிடுவேன். இப்படிச் சிரிக்கிறவளை என்ன செய்வது? அந்தத் துணிப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. சீக்கிரம் கிளம்பத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் லகார்த் உள்ளே வந்தார். அந்த மனுஷன் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. மூலை மேஜையில் உட்கார்ந்து, பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத அட்டையை எடுத்துப் பார்த்தார். நகத்தால் காகிதத்தைச் சுரண்டினார்.

"மதாம் ஜெங்! என் சீஸ் எங்க?"

"இன்னிக்கு இல்ல முஸ்யே. கோழி ஈரல் இருக்கு, சாப்பிடுங்க" என்றேன் மெதுவாக.

"ஈரலா? எனக்கென்ன ரத்தசோகையா? படத்து மேல காகிதம் வேற ஒட்டியிருக்கு. என்ன, போலீஸ் தேடுதா அதை?"

"சத்தம் போடாதீங்க. விருந்தாளி இருக்காங்க."

"இருக்கட்டுமே! அவங்களுக்கும் குடுங்க!" என்று கொகா அம்மாளைப் பார்த்துக் கையை ஆட்டினார். "மதாம், இந்தக் கடை சீஸ் குச்சிக்கு ஜப்பான்ல கூட ஈடு கிடையாது! நான் சொல்றேன்!"

அவர் பிரான்சிலேயே இருக்கும் நார்மண்டியைத் தாண்டி எங்கும் போனதில்லை. எனக்கு அவரைத் தூக்கித் தெருவில் வைக்கவேண்டும் போலிருந்தது. கொகா அம்மாள் மகனிடம் என்னவோ கேட்டார். அந்த மக்குப் பையன் பொய் சொல்லத் தெரியாமல் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்துவிட்டான்.

"அம்மாவுக்கு அது வேணுமாம்" என்றான் என்னிடம்.

"தீந்துபோச்சுன்னு சொல்லு."

"இருக்கு" என்றது அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். ஜெங்தான். "எதுக்கும் இருக்கட்டும்னு கொஞ்சம் குத்தி வச்சேன்."

கொஞ்சமாம்! ஒரு தட்டு நிறைய இருந்தது. நான் முறைத்த முறைப்பில் வேறு ஆளாக இருந்தால் எரிந்திருப்பார். அவர் பாட்டுக்கு அடுப்பில் வைத்தார். சாஸ் சொட்டிப் புகை எழுந்தது. மூன்று நாளாகத் தோலோடு மல்லுக்கட்டிய கை இப்போது தானாக வேலை செய்தது. லகார்த்துக்கு இரண்டு, கொகா அம்மாளுக்கு இரண்டு.

அவர் ஒரு கடி கடித்தார். சீஸ் நூலாக இழுத்தது. கையால் மறைத்துக்கொண்டு மென்றார். சிரிக்கவில்லை. ரொம்ப நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை. குச்சியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எலோடியின் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் என் பொறுமை போய்விட்டது.

"இதோ பாருங்க. நாங்க ஜப்பான்காரங்க இல்ல. வென்ஜோக்காரங்க. இது உங்க ஊர்ப் பண்டமும் இல்ல. உங்களுக்குப் பயந்துக்கிட்டு நான்தான் மறைச்சேன். என் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தப்பா நினைக்கறதா இருந்தா என்னை நினைங்க, அவளை நினைக்காதீங்க" என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். "மொழிபெயர்த்துச் சொல்லுடா!" என்று பையனையும் அதட்டினேன்.

அவன் சொன்னான். அந்தம்மாள் கேட்டு முடித்ததும் மடியிலிருந்த துணிப்பையைத் திறந்தார். உள்ளே துணியில் சுற்றிய ஒரு ரொட்டி. நீளமாக, பாரிஸ் ரொட்டி போலவே இருந்தது. ஆனால் நடுவில் பிளந்து இளஞ்சிவப்பாக என்னவோ தடவியிருந்தது. மீன் வாசனையும் மிளகாய் வாசனையும் வந்தன. அவருக்குக் கடை ஒன்று இருப்பதாக எலோடி சொல்லியிருந்தாள். என்ன கடை என்று கேட்க என் பயத்தில் எனக்கு நேரமே இருந்ததில்லை.

"எங்களது பிரெஞ்சு ரொட்டிக் கடைங்க" என்றார். ஷுஹெய் குனிந்தபடி சொல்லிக்கொண்டே வந்தான். "வாசல்ல ஈஃபில் கோபுரம் வரைஞ்சிருக்கோம். என் வீட்டுக்காரர் இந்த ஊரைக் கண்ணால பாத்ததே இல்ல, நான் இப்பத்தான் பாக்கறேன். மீன் முட்டையை மிளகாய் போட்டு ஊறவச்சு, வெண்ணெயோட ரொட்டியில தடவி விக்கறோம். எங்க ஊர்ல அதுக்குத்தான் கூட்டம். இங்க வந்து முதல் நாள் காலையில ஒரு ரொட்டிக் கடையில வாங்கிக் கடிச்சேன். ஈறு கிழிஞ்சுபோச்சு. எங்களது பஞ்சு மாதிரி இருக்கும். அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, இத்தனை வருஷமா நான் என்ன வித்திருக்கேன்னு."

ரொட்டியை எடுத்துப் பலகை மேல் வைத்தார்.

"இன்னிக்குக் காலையில பையன் வீட்டு அடுப்புல உங்களுக்காகச் சுட்டேன். வர்ற வழியெல்லாம் ரொட்டிக் கடை. பாரிஸ்ல வளந்த பொண்ணு இதைப் பாத்தா சிரிக்காதான்னு நினைச்சேன். பையை விட்டு எடுக்கவே கை வரல."

நான் சிரித்தேன். சிரித்தேன் என்றால், பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அந்தம்மாளும் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். எலோடி ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "அம்மா, இது அபாரம்மா" என்றாள். எந்த அம்மாவைச் சொன்னாளோ தெரியவில்லை, இருவரும் தலையாட்டினோம். ஜெங் ஒரு துண்டைக் கொண்டுபோய் லகார்த் முன்னால் வைத்தார்.

"இது என்ன?"

"பிரெஞ்சு ரொட்டி" என்றார் ஜெங் முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

லகார்த் மோந்து பார்த்தார், கடித்தார். "இது ரொட்டியே இல்ல. யாரு இதைப் பிரெஞ்சுன்னு சொன்னது? சட்டப்படி தப்பு." தட்டைத் துடைத்துத் தின்றுவிட்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

கொகா அம்மாள் எழுந்தார். கோட்டைச் சரிசெய்துகொண்டு நேராக லகார்த்தின் மேஜைக்குப் போனார். மகனையும் கூப்பிட்டார்.

"இவர் இங்க ரொம்ப நாளா சாப்பிடறாரா?" என்று என்னிடம் கேட்டார்.

"எலோடி பள்ளிக்கூடம் போன காலத்துலேர்ந்து. தினம்."

அந்தம்மாள் அந்தக் கிழவருக்கு முன்னால் குனிந்தார். என்னைப் பார்த்துக் குனிந்ததைவிட ஆழமாக, நெடுநேரம். "எங்க மருமகளை வளத்ததுக்கு ரொம்ப நன்றி" என்றார். "நீங்க வந்து சாப்பிட்டதால அவ படிச்சா. என் பையனை எங்க ஊர்ல இப்படித்தான் நாலு பேர் வளத்தாங்க. அவங்க யாருக்கும் நான் நன்றி சொன்னதில்ல. உங்களுக்காவது சொல்றேன்."

மருமகள் என்ற சொல்லைப் பையன் பிரெஞ்சில் சொன்னபோது அவன் குரல் உடைந்தது. எலோடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அந்த மனுஷனுக்குச் சோறு போட்டிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், மீதிச் சில்லறை கொடுத்திருக்கிறேன். நாங்கள் வேறு ஊரில் வேறு முகத்தோடு பிழைக்க வந்தபோது, நீங்கள் யார் என்று கேட்காமல் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். அவரைப் போல எத்தனையோ பேர். ஒருவருக்கும் ஒரு முறைகூடத் தலை வணங்கவில்லையே என்று தோன்றியது. கொகா அம்மாளுக்குப் பக்கத்தில் போய் நின்று நானும் குனிந்தேன். அடுப்பைவிட்டு ஜெங்கும் வந்து குனிந்தார்.

லகார்த் வாயில் சீஸோடு எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவர் காது சிவந்துபோனது.

"என்ன இது, எழுந்திருங்க எல்லாரும்" என்றார். "எனக்குப் பசிச்சுது, சாப்பிட்டேன். அவ்வளவுதான்."