மூடிட்டேன் என்று அக்கா சொல்வதற்குள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை, பிரேக் பெடலின்மேல் என் வலது கால் இருந்தபோது தோன்றியது. இப்போதும் அதே இருக்கையில்தான் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒன்று சிக்கி எத்தனை நாளாயிற்று! எழுந்து குதிக்கலாம் போலிருக்கிறது. ஆனால் கார் ஜாக்கிமேல் நிற்கிறது.

முதல் வரிக்கு மூன்று முயற்சி செய்தேன்.

'சிவப்புக் கார் ஒரு மிருகத்தைப் போல...' (வேண்டாம். கார் என்றால் உடனே மிருகமா?)

'வேகத்தைக் காதலித்த ஒருத்தி...' (அக்கா வாசித்தால் செருப்பு பறக்கும்.)

'என் அக்கா பல் மருத்துவர்.' (இது இருக்கட்டும்.)

2

என் அக்கா பல் மருத்துவர். வாரத்தில் ஆறு நாள் ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிறவள், ஏழாம் நாள் தன் பழைய பந்தயக் காருக்கு அடியில் கிடப்பாள். இன்று பத்தரைக்குள் பந்தயத் தடத்தின் வாசலில் நிற்க வேண்டும். தடத்தில் ஓட்டப் பதினொரு மாதம் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு.

அதற்குமுன் பிரேக் எண்ணெய் மாற்றியாக வேண்டும். பழைய எண்ணெய் ஈரம் குடித்திருக்கும். தடத்தில் அடுத்தடுத்து பிரேக் போட்டால் சூட்டில் அது கொதித்துக் குமிழி விடும். எண்ணெயை அழுத்தினால் சக்கரம் நிற்கும். குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். கால் தரைவரை போகும், கார் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இது இரண்டு பேர் வேலை. நான் பெடலை மிதித்து "அழுத்திட்டேன்" என்பேன். அவள் சக்கரத்துப் பக்கம் சின்னத் திருகு ஒன்றைத் திறப்பாள். எண்ணெய் குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் பாயும், பெடல் இறங்கும். அவள் "மூடிட்டேன்" என்ற பிறகுதான் நான் காலை எடுக்கலாம். முந்தினால் உள்ளே காற்று போய்விடும்.

[அடிக்குறிப்பு: இந்த எண்ணெய் பெயின்டை அரித்துவிடும். ஒரு சொட்டு பட்டதற்கு அக்கா பாய்ந்து துடைத்த வேகத்தைப் பார்த்தபோது, இவளிடம் தைரியமாகப் பல் பிடுங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.]

3

"அழுத்திட்டேன்."

"மூடிட்டேன்."

"விட்டுட்டேன்."

"சத்தமா சொல்லுடி, காதுலயே விழல."

"கத்திக் கத்தி வாய் வலிக்குதுக்கா."

"எங்க, நல்லா திற. பார்க்கிறேன்."

மூன்று சக்கரம் இப்படியே ஓடியது. கறுத்து வந்த எண்ணெய் மெல்ல வெளுத்து, கடைசியில் தெளிவாக வந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. நான்காவது சக்கரத்தில்தான் கதை வந்தது.

4

இந்தத் தங்கைப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதல் வரி கிடைத்த சந்தோஷத்தில் அவள் போனை எடுக்க எட்டினாள். கால் எழுந்திருக்கலாம் [இந்த வரியை அடித்துவிட்டேன்]. எழுந்தது. "மூடிட்டேன்" என்று கேட்டது அதற்குப் பிறகு.

"பெடல் எப்படிடி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்குக்கா."

அதைச் சொன்னது பாத்திரம் அல்ல, நான். பெடல் கல் மாதிரி இல்லை. கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது.

5

முடிவு ஒன்று: அக்கா எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு வருகிறாள். தலைக்கவசத்தைக் கழற்றியதும் ஒரு சிரிப்பு. எழுதக் கை பரபரக்கிறது.

முடிவு இரண்டு: மூன்றாவது வளைவில் அவள் கால் தரைவரை...

இல்லை. இதை எழுத மாட்டேன்.

மணி ஒன்பது நாற்பது. தடத்துக்கு நாற்பது நிமிடப் பயணம். உள்ளே போன காற்றை வெளியேற்ற மறுபடி உட்கார்ந்தால் வாசலை மூடிவிடுவார்கள். இன்னும் பதினொரு மாதம். அவளோ விசிலடித்துக்கொண்டே நான்காவது சக்கரத்தை முடுக்குகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வாயைத் திறந்து சொல்ல வரவில்லை. எழுத்தில்தான் நான் கொஞ்சம் தைரியசாலி.

ஜன்னலில் தலை நீட்டுகிறாள்.

"இறங்குடி, ஜாக்கியை எடுக்கணும். அப்படி என்னத்த எழுதுற?"

"கதைக்கா. முடிவு வர மாட்டேங்குது."

"போய்ட்டு வந்து படிக்கிறேன்."

"இப்பவே படிக்கா."

இவ்வளவு தூரம் கூட வந்த நீங்கள் மன்னிக்க வேண்டும். முடிவை வாசகரிடம் விடத்தான் போகிறேன், ஆனால் அந்த வாசகர் நீங்கள் இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் போனுக்குக் கை நீட்டுகிறாள்.

அக்கா, நாலாவது சக்கரத்தில் நீ மூடுமுன் நான் காலை எடுத்துவிட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். நான் இறங்க மாட்டேன்.