சிரஸ்தார் வீட்டு ரசாயனம்

தில்லைநாயகம் பிள்ளை பென்ஷன் வாங்கிச் சில வருஷங்கள் ஆகியும் சிரஸ்தார் உத்தியோகம் அவரை விட்டுப் போகவில்லை. கலெக்டர் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக அவர் உட்கார்ந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். அதனால் என்ன? வீட்டில் குழம்பில் உப்புக் கூடினால் பிள்ளையவர்கள் விசாரணை வைத்து, வாக்குமூலம் வாங்கி, தீர்ப்பும் சொல்லிவிட்டுத்தான் மோருக்குப் போவார். திருநெல்வேலி ரத வீதியில் அவர் நடந்தால் நெற்றித் திருநீறு முன்னால் போகும். அவர் பின்னால் வருவார்.

அவருடைய ஒரே மகன் திருஞானசம்பந்தம் டாக்டராக வேண்டும் என்பதும் அவர் சொன்ன தீர்ப்புதான். சென்னையில் வைத்தியம் படிக்க ஜில்லாவிலிருந்து பையன்களைப் பொறுக்குவதற்குப் பாளையங்கோட்டையில் ஒரு பரீட்சை நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டார். அன்றைக்கே வெற்றிலைக் கடையிலிருந்து நெல்லையப்பர் சந்நிதி வரைக்கும் செய்தி போய்விட்டது. ஆனால் பரீட்சை என்ற பேச்சை மட்டும் அவர் எடுக்கவில்லை. "பய மெட்ராசுக்குப் போகுதான், டாக்டராகி வருதான்" என்பார். நடுவில் உள்ள பரீட்சை, மெயில் வண்டி நிற்காத சின்ன ஸ்டேஷன் மாதிரி.

போதாததற்கு, பேர் வெட்டுகிறவரிடம் பித்தளைப் பலகை ஒன்றும் செய்யக் கொடுத்துவிட்டார். 'டாக்டர் தி. திருஞானசம்பந்தம் பிள்ளை.'

சம்பந்தத்தைப் பயமுறுத்தியது பரீட்சை இல்லை, அந்தப் பலகைதான். மெல்ல எடுத்துச் சொல்லிப் பார்த்தான்.

"அப்பா, பாஸான பெறகு செய்யச் சொல்லலாம்லா?"

"ஏலே, என் மகன் தோத்தான்னா அது அந்தப் பரீட்சைக்குத்தான் கேவலம்."

பரீட்சையில் தவறினாலும் அப்பா பலகையைத் திருப்பிக் கொடுக்கிற ஆள் இல்லை. வாசலில் மாட்டத்தான் செய்வார். வெறும் சம்பந்தம் ஆயுசு முழுக்க டாக்டர் சம்பந்தத்துக்குக் கீழே குனிந்து வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

கணக்கு அவனுக்கு வரும். இங்கிலீஷும் தடையில்லை. ரசாயனம்தான் காலை வாரியது. அதற்குப் பாதிக் காரணம் பள்ளிக்கூடம். அவன் படித்த ஹைஸ்கூலில் ரசாயனச் சாமான்கள் எல்லாம் உண்டு. கண்ணாடி அலமாரியில் பூட்டி, சந்தனப் பொட்டு வைத்து, இன்ஸ்பெக்டர் துரை வருகிற அன்றைக்குத் தூசி தட்டுவார்கள். மற்ற நாட்களில் வாத்தியார் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு வெறும் கையால் பாடம் நடத்துவார். "இங்கன ஒரு குழாய் இருக்குன்னு வச்சுக்கோங்க. அமிலத்தை ஊத்தியாச்சுன்னு வச்சுக்கோங்க. பொங்கி வந்துட்டுன்னு வச்சுக்கோங்க." பையன்களும் வைத்துக்கொண்டார்கள். வருஷ முடிவில் அவர்களிடம் வைத்துக்கொண்ட ரசாயனம் ஏராளமாக இருந்தது. கண்ணால் பார்த்தது ஒன்றும் இல்லை.

மற்றப் பாதிக்குக் காரணம் அப்பா. அந்த வீட்டில் பாடத்தைக் கூடத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுத்தான் படிக்க வேண்டும். பூஜை அறையும் கூடத்தை ஒட்டியே இருந்தது. ஒரு நாள் காலையில் மகன் படித்துக்கொண்டிருந்தபோது இங்கிலீஷ் ரசாயனப் புஸ்தகத்திலிருந்து ஒரு சொல் எழும்பிப் போய் நடராஜர் படத்தில் மோதியது. பிள்ளையவர்கள் ருத்திராட்ச மாலையை அப்படியே நிறுத்தினார்.

"ஏலே, இப்ப என்ன படிச்சே?"

"கந்தகத்துலேருந்து வார ஒரு வாயு. அதோட வாடை எப்படி இருக்கும்னு போட்டிருக்குப்பா."

"புஸ்தகத்தை இங்கன கொண்டா."

ஏழு தலைமுறையாக முட்டை என்ற சொல் நுழையாத வீடு இது என்று அவர் சொல்லிக்கொள்வார். தலைமுறைகளை எண்ணியவரும் அவர்தான். சிரஸ்தார் மைக்கூட்டை எடுத்துவைத்துக்கொண்டு புஸ்தகத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் தணிக்கை செய்தார். முட்டை போயிற்று. மீன் போயிற்று. எலும்பு, இரத்தம், கொழுப்பு எல்லாம் கட்டைப் பேனாவுக்குக் கீழே கறுப்பாகிப் படுத்தன. பாஸ்பரஸ் எலும்பிலிருந்து எடுக்கிற சாமான் என்பதைப் பார்த்து அதையும் அடிக்கப் பேனாவை ஓங்கினார். "பாடமே போயிரும்ப்பா" என்று மகன் கெஞ்சியதால் மன்னித்து விட்டார்.

அதற்கப்புறம் சம்பந்தம் மை பூசிய இடம் வந்தால் "ம்" என்று சொல்லித் தாண்டப் பழகினான். கந்தக வாயு அழுகிய ம் போல நாறும். பாஸ்பரஸ் வாயு அழுகிய ம் போல நாறும். கூடத்தைத் தாண்டிப் போகும் அம்மா பிரம்மநாயகி, "ரெண்டும் ஒண்ணுதானேய்யா, எதுக்கு ரெண்டு தடவை படிக்கே?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

ரெண்டும் ஒன்றில்லை என்பதுதான் சங்கடம். முதல் மைக்குக் கீழே இருப்பது முட்டை, இரண்டாவது மைக்குக் கீழே மீன். இதைப் பாளையங்கோட்டைத் தேவசிகாமணியின் புஸ்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டான். தேவசிகாமணி அவனோடு படிக்கிறவன், அவனும் அதே பரீட்சைக்குப் போகிறவன். பரீட்சையில் முதல் மேசையில் ஒரு பொடியும் அமிலமும் கண்ணாடிக் குழாயும் மட்டும் கொடுப்பார்களாம். மூக்கை வைத்து இன்ன வாயு என்று சொன்னால்தான் மற்ற மருந்துகள் இருக்கும் இரண்டாம் மேசைக்கு விடுவார்களாம். இதையும் அவன்தான் விசாரித்து வந்து சொன்னான்.

"அழுகின முட்டை எப்படிலே நாறும்?" என்று சம்பந்தம் கேட்டான்.

"அழுகின முட்டை மாதிரி நாறும்."

"அது தெரியும்லே. வேற எது மாதிரி?"

"வேற எது மாதிரியும் நாறாதுலே."

"சரி, அழுகின மீனு?"

"அதுவும் அப்படித்தான். ஆனா வேற."

மீன்கடைப் பக்கம் தலை காட்டினால் சம்பந்தம் வீடு திரும்புவதற்குள் செய்தி திரும்பிவிடும். ஆகவே முட்டையை மட்டுமாவது முகர்ந்து வைப்பது என்று முடிவாயிற்று. அதைக் கண்டுகொண்டால் மற்றது தானே மீனாகிவிடும். பரீட்சைக்கு இரண்டு நாளைக்கு முன்னால் தேவசிகாமணி அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவன் அம்மா சாரம்மாள் கோழி வளர்ப்பவள். வந்த காரியத்தைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

"அழுகின முட்டையா? தம்பி, எங்க வீட்டு முட்டை பாதிரியார் பங்களாவுக்குப் போகுது. கூமுட்டைன்னு ஒண்ணை நான் கண்ணால கண்டது கிடையாது."

"போன மாசம் அடை வச்சதுல ஒண்ணு..." என்று தேவசிகாமணி ஆரம்பித்தான்.

"வாயை மூடுலே. அது பக்கத்து வீட்டுக் கோழி வந்து இட்டது." பிறகு சம்பந்தத்தின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, ஆசையா இருந்தா நல்லதா ரெண்டு அவிச்சுத் தாரேன். கர்த்தர் சாட்சியா ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன்."

பிறகு மார்க்கெட்டில் அகமது மீரான் முட்டைக் கடைக்குப் போனார்கள். சம்பந்தம் தூரத்தில் ஒரு வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டான். தேவசிகாமணி போய், "அண்ணாச்சி, அழுகின முட்டை இருக்கா?" என்று கேட்டான். அகமது மீரான் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் கடைக்காரன்லே உன்னை அனுப்பினான்? எங்கிட்ட அழுகினது இருக்குன்னு ஊருல சொல்லணும், அதுதானே? போய்ச் சொல்லு, எங்கிட்ட எல்லாம் இன்னைக்குக் காலையில இட்டதுன்னு." அவர் அதைச் சொல்லும்போது கூடைக்குள்ளிருந்து வந்த வாடையைத் தேவசிகாமணி அடையாளம் கண்டுகொண்டான். ஆனால் சம்பந்தம் வண்டிக்குப் பின்னால் அல்லவா இருந்தான்.

பாளையங்கோட்டையில் அழுகிய முட்டை இல்லாமல் இல்லை. ஒப்புக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

பரீட்சை நாள் வந்தது. பிள்ளையவர்கள் சரிகைத் தலைப்பாகையும் கோட்டும் போட்டுக்கொண்டு மகனோடு வில்வண்டியில் வந்து இறங்கினார். தகப்பனார்கள் கட்டடத்துக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் காத்திருக்க வேண்டும் என்று சேவகன் சொன்னான். பிள்ளையவர்கள் அது தமக்கென்று போட்ட கச்சேரி போல நடுவில் போய் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே அம்மையப்ப பிள்ளை இருந்தார். அவர் பென்ஷன் வாங்கிய தாசில்தார். அவருடைய மகனும் உள்ளே போயிருந்தான். நெற்றித் திருநீற்றில் இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் போட்டி; யாருடைய பட்டை அகலம் என்பது இன்னும் தீராத வழக்கு.

உள்ளே சம்பந்தத்தின் மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. வேப்பமரம் கைக்கெட்டும் தூரம். முன்னால் ஒரு பொட்டலத்தில் கறுப்பாக ஒரு பொடி. பரீட்சை நடத்த வந்த டாக்டர் துரை மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தார். சம்பந்தம் பொடியைக் குழாயில் போட்டு அமிலத்தை விட்டான். வைத்துக்கொள்ளாமல் நிஜமாகவே பொங்கி வந்தது. மூக்கைக் கொண்டுபோனான்.

அம்மாடி, என்ன நாற்றம் அது. அவன் ஜன்மத்தில் அறியாத நாற்றம். புஸ்தகத்தில் மற்ற வாயுக்களுக்குச் சொன்ன மாட்டுத்தொழுவ வாடை இல்லை. தீக்குச்சி வாடை இல்லை. அந்த இரண்டும் அவனுக்குத் தெரியும். மிச்சம் இருப்பது ஒரு ம், இன்னொரு ம். முட்டையா, மீனா? தாளில் கந்தக வாயு என்று எழுதப் போனான்; பாஸ்பரஸ் என்று எழுதப் போனான்; பேனா அந்தரத்தில் நின்றது. கண்ணுக்கு முன்னால் பித்தளைப் பலகை பளபளத்தது. காற்று வாடையை மொத்தமாக அள்ளிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே போயிற்று.

வெளியே தில்லைநாயகம் பிள்ளை பெரிய புராணத்தில் ஓர் இடத்தை விளக்கிக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்தினார்.

"எவன்வே இங்கன முட்டையை அழுகப் போட்டிருக்கான்?"

கச்சேரிக் குரல். ஜன்னலுக்குள் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது.

அம்மையப்ப பிள்ளை மூக்கை நிமிர்த்தினார். "அழுகினதுன்னு சொல்ல முடியாது வே. கெட ஆரம்பிச்சிருக்கு, அவ்வளவுதான். அழுகினதுன்னா தொண்டையைப் பிடிக்கும்."

"எனக்கா சொல்லுதீரு? நல்லா அழுகினதுதான். சேரன்மாதேவி முகாம்ல கலெக்டரோட பட்லர் ஒரு கூடை வச்சிருந்தான். வெயிலுல கெட்டு, கூடாரத்துக்குள்ள ஆளு நிக்க முடியலை. சாட்சாத் இதே வாடை."

"பட்லர் கூடைக்கும் உமக்கும் என்ன வே சோலி?"

"நாங்குனேரி முகாம்ல உமக்கு என்ன சோலியோ அதே சோலிதான்."

மரத்தடியில் இருந்த மற்றத் தகப்பனார்கள் எல்லாரும் வேப்பங்காய்களை மிகவும் கவனமாகப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெரியவர்களும் மரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

உள்ளே சம்பந்தத்தின் பேனா ஓடியது. அடுத்த மேசையில் அம்மையப்ப பிள்ளையின் மகனும் பேனாவை எடுத்தான். பின்வரிசையில் தேவசிகாமணிக்குப் பிறர் தயவு வேண்டியிருக்கவில்லை. அவன் குழாயைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

துரை சம்பந்தத்தின் தாளைப் படித்தார். அவன் நெற்றியையும் படித்தார். "நீ சைவ வீட்டுப் பையன். அழுகிய முட்டையை எங்கே முகர்ந்தாய்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

பொய் சொல்ல அவனுக்கு அவகாசம் இல்லை. "முகர்ந்ததில்லை ஐயா. பெரியவர்கள் சொல்லக் கேட்டது."

"எப்போது கேட்டாய்?"

சம்பந்தம் ஜன்னலைப் பார்த்தான். துரையும் பார்த்தார். சேவகன் குனிந்து அவர் காதில் ஏதோ மொழிபெயர்த்தான். துரையின் மீசை கொஞ்சம் அசைந்தது. "உன் தகப்பனாரை நான் எடுத்துக்கொள்ள முடியாது. உனக்கு என்ன தெரியும் என்று காட்டு" என்று சொல்லி அவனை இரண்டாம் மேசைக்கு அழைத்துப் போனார்.

இரண்டாம் மேசையில் மூக்குக்கு வேலை இல்லை. ஈய உப்பை நனைத்த காகிதம் இந்த வாயு பட்டால் கறுக்கும் என்று பாடத்தில் படித்திருந்தான்; ஈயத்தை அப்பா அசைவத்தில் சேர்க்கவில்லை. காகிதத்தைக் காட்டினான். கறுத்தது. பொடியில் இருப்பது இரும்பும் கந்தகமும் என்று அடுத்தடுத்த சோதனைகளில் தட்டில்லாமல் காட்டி, ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொன்னான். துரை தலையை ஆட்டினார்.

சாயங்காலம் பேர்களைப் படித்தார்கள். தேவசிகாமணியின் பேர் முதலில் வந்தது. சம்பந்தத்தின் பேர் அதற்கு அடுத்ததாக வந்தது. இரண்டாம் மேசையில் தடுமாறிய அம்மையப்ப பிள்ளையின் மகனை அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள்.

வில்வண்டி திரும்பியது. ஆற்றுப் பாலத்தில் ஏறி, தாமிரபரணிக் காற்று முகத்தில் அடித்ததும் பிள்ளையவர்கள் தாமாக ஆரம்பித்தார்.

"முகாம்ல கூடாரங்க பக்கத்துப் பக்கத்துல இருக்கும் பாத்துக்கோ. பட்லர் சமைச்சான்னா காத்து நம்ம பக்கமா அடிக்கும். சர்க்கார் உத்தியோகம். மூக்கைப் பொத்திக்கிட்டா கையெழுத்துப் போட முடியும்?"

"முடியாதுப்பா."

"அதான் சொல்லுதேன்."

பாலம் முடியும்போது அவர் முழுசாகத் தேறிவிட்டார். ரத வீதிக்கு வந்து இறங்கியதும் கேட்டவர்களுக்கெல்லாம், வாடையை வைத்தே வாயுவைச் சொல்லிவிடுகிற ரசாயன ஞானம் தங்கள் குடும்பத்தில் பரம்பரையாக உண்டு என்று சொன்னார். பித்தளைப் பலகைக்கு ஆணி அடிக்கவும் உத்தரவாயிற்று. பட்டம் வாங்கிய பிறகு மாட்டலாம் என்று சம்பந்தம் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பிரம்மநாயகி மகனுக்குப் பாயசம் விட்டாள். புருஷனுக்கும் விட்டாள். அவளுக்குச் செய்தி எப்படியோ முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"ஏழு தலைமுறை வீட்டுல அந்த வாடை எப்படித்தான் தெரிஞ்சுதோ" என்று பாயசத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பிள்ளையவர்கள் கம்பீரமாக நிமிர்ந்தார். "வாடை தெரியுதது வேற, ருசி தெரியுதது வேற."

"ருசியைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் பிரம்மநாயகி.

சம்பந்தத்துக்குப் பாயசம் புரை ஏறியது. சிரஸ்தார் அன்றைக்கு விசாரணை எதுவும் வைக்காமல் மோருக்குப் போனார்.