முட்டிக்கொள்ளாத பம்பரங்கள்

தராசு என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவர் அவர் வேலை பார்க்கிற பட்டறையில் டயர் மாட்டும் அண்ணன். கார் சக்கரத்தை மெஷினில் பூட்டிச் சுழலவிட்டு, பாரம் எந்தப் பக்கம் கூடுதலோ அதற்கு எதிரே ஒரு சின்ன எடைத்துண்டை ஒட்டி, சக்கரம் அதிராமல் ஓடும்படி செய்வதுதான் தராசின் தொழில். அதைப் பட்டறையோடு விட்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. மனிதர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் முதலில் மேசையை ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் காகிதத்தை மடித்து அதன் காலுக்கடியில் செருகிவிட்டுத்தான் டீயைத் தொடுவார். ஒருமுறை பல் வலி என்று போன இடத்தில், வரவேற்பறையில் கோணலாகத் தொங்கிய படத்தை, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்துபோய் நேராக்கினார். அங்கே வேலை பார்த்த பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு பேச்சாகி, பேச்சு கல்யாணத்தில் முடிந்தது. அவருக்கு அது முதல் கல்யாணம், அவளுக்கு இரண்டாவது. கூடவே இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு ஐந்து.

பிள்ளைகள் இருவரும் தங்கமான பிள்ளைகள். தராசுக்குக் கவலையே அதுதான்.

தங்களுக்குள் என்றால் அவர்கள் அப்படியொன்றும் தங்கமில்லை. தலையணை பறக்கும், தலைமுடி பிய்யும், நிமிஷத்துக்கு ஒருதரம் அம்மாவிடம் கோள்சொல்ல ஓடுவார்கள். ஆனால் தராசு உள்ளே நுழைந்துவிட்டால் போதும், பள்ளிக்கூடத்தில் மேலதிகாரி சோதனைக்கு வந்ததுபோல இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். நாற்காலியைக் காலி செய்து கொடுப்பார்கள். மிட்டாய் வாங்கித் தந்தால் "தேங்க்ஸ் அங்கிள்" என்பார்கள், தராவிட்டால் கேட்கமாட்டார்கள். ஒருநாள் அவர் தானாகவே போய் அவர்கள் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார். சின்னவன் பொம்மைக் கார்களையெல்லாம் அழகாக டப்பாவில் அடுக்கி மூடியையும் போட்டு, "முடிச்சிட்டோம் அங்கிள்" என்றான். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வீட்டில் கடைசிவரைக்கும் விருந்தாளியாகவே இருந்து கிழவனாகிவிடுவோமோ என்ற பயம் அவரை உள்ளுக்குள் அரித்தது. ஒரே ஒரு தடவை, விளையாட வாங்க என்று கூப்பிட்டுவிட்டால் போதும், அதற்குமேல் அவருக்கு எந்த ஆசையும் இல்லை.

இந்த நேரத்தில்தான் அவர்கள் குடியிருந்த கட்டடத்துப் பிள்ளைகளுக்கு ஒட்டுமொத்தமாகச் சண்டைப் பம்பரப் பைத்தியம் பிடித்தது. கயிறு சுற்றி விடுகிற பம்பரம் இல்லை இது. லாஞ்சர் என்று ஒரு கைப்பிடி உண்டு. அதில் பம்பரத்தை மாட்டி விசையை இழுத்தால் அது பறந்துபோய் ஒரு கிண்ணத்துக்குள் விழுந்து சுழலும். எதிராளியின் பம்பரமும் அதே கிண்ணத்தில்தான் சுழலும். இரண்டும் ஒன்றையொன்று முட்டித் தள்ளும். கடைசிவரை நிற்பது ஜெயித்தது. மாடிப்படி முழுக்க இந்தக் கிண்ணங்கள்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதைத் தாய் கவனித்துவிட்டாள். ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் நானே போய் வாங்கி வருகிறேன் என்றார் தராசு. சுழலுகிற சாமான் என்றால் அவரைவிட்டால் வேறு யார்? விதியே வீடு தேடி வந்ததாக அவருக்குத் தோன்றியது.

பொம்மைக்கடைப் பெண் நல்ல மாதிரி. எத்தனை வயசுப் பிள்ளைகளுக்கு என்று முதலில் கேட்டுக்கொண்டாள். உலோக வளையம் வைத்த பம்பரம் இந்த வயசுக்கு வேண்டாம், பறந்துவந்து நெற்றியில் பட்டால் புடைத்துவிடும், பிளாஸ்டிக்கே போதும் என்றாள். லாஞ்சரில் கயிறு வைத்தது வேண்டாம், சின்னக் கைக்கு அதை இழுக்க வலு போதாது, பல் வைத்த பட்டையைச் செருகி உருவுகிற மாதிரிதான் நல்லது என்றாள். தராசு இரண்டுக்கும் மறுபேச்சு பேசவில்லை. பம்பரத்தைத் தேர்ந்தெடுக்கிற கட்டம் வந்ததும்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

கடையிலிருந்த பம்பரங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசைமேல் சுழற்றிவிட்டு, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மூன்று கொம்பு வைத்த பம்பரம் கொஞ்சம் தலையாட்டியது. தள்ளுபடி. பாம்புத் தலை வைத்தது ஒருபக்கமாக ஓடியது. அதுவும் தள்ளுபடி. பின்னால் ஒரு தாயும் பிள்ளையும் கால் மாற்றி நின்று பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். கடைசியில் நின்ற இடத்தைவிட்டு நகராமல் சுழன்ற இரண்டை, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு, பொறுக்கி எடுத்துவிட்டு நிமிர்ந்தார். கடைப்பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், இது சண்டை போடுற பம்பரம். கொஞ்சம் ஆட்டம் இருந்தாத்தான் போய் முட்டும்."

ஆட்டம் இருந்தால் அது பழுது என்றார் தராசு. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவள் அதோடு விட்டுவிட்டாள். அடுத்தது கிண்ணம். அதைக் கையில் வாங்கி உள்ளே விரலை ஓட்டிப் பார்த்தவர், நடுவில் குழிந்திருக்கிறதே, சமமாக ஒன்று இல்லையா என்று கேட்டார். இரண்டும் நடுவுக்கு வந்து மோதட்டும் என்றுதான் அந்தக் குழி என்று அவள் விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டே மேல் அலமாரியில் கண்ணை ஓட்டி, பழகுகிற பிள்ளைகள் தனியாக விட்டுப் பார்க்கிற தட்டையான தட்டு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். சுற்றிலும் உயரமான சுவர், உள்ளே கண்ணாடிபோல் சமதளம். அதைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் பட்டறையில் இறங்கினார். கடைச் சாமான் கடைச் சாமான்தானே, நம் கைபட்டால்தானே அது முழுமையடையும். பம்பரத்தைச் சுழற்றி, பாரமான பக்கத்தில் சாக்பீஸால் குறி வைத்து, நைஸ் அரத்தால் அந்த இடத்தில் நாலு இழுப்பு இழுத்து, மறுபடி சுழற்றிப் பார்த்தார். டயர் அண்ணன் வந்து தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா தராசு, பிள்ளைங்க இதுல உக்காந்து ஊருக்குப் போகப் போகுதா?"

தராசு அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இன்னொரு இழுப்பு இழுத்தார். கடைசியில் இரண்டு பம்பரமும் சுழல்வதே தெரியாமல் சுழன்றன. ஆணி அடித்து நிறுத்தியது போல நின்றன. தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு, அவற்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

பார்த்ததும் பிள்ளைகளின் முகம் மலர்ந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சின்னவன் ஒரு குதிகூடக் குதித்துவிட்டு, தராசு பார்ப்பதைக் கண்டு அடுத்ததை அடக்கிக்கொண்டான். கூடத்து நடுவில் தட்டை வைத்தார்கள். தரை சரியில்லை என்று தராசு அதன் ஒரு மூலைக்குக் காகிதம் மடித்துக் கொடுத்தார். பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிப் பட்டையை உருவினார்கள்.

நீலம் அந்தப் பக்கம் இறங்கியது. சிவப்பு இந்தப் பக்கம் இறங்கியது. இறங்கின இடத்திலேயே இரண்டும் நின்று சுழன்றன. முட்டவில்லை, உரசவில்லை, ஒன்றையொன்று ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் நிற்கிற மாதிரி அதது பாட்டுக்கு நின்றது. கீழே மாடிப்படியில் மற்ற பிள்ளைகளின் பம்பரங்கள் படபடவென்று மோதிக்கொள்ளும் சத்தமும், அதற்குமேல் அவர்கள் போடும் கூச்சலும் கேட்டன. இங்கே கடிகாரச் சத்தம் கேட்டது. சின்னவன் கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினான். வெகுநேரம் கழித்து, ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு பம்பரமும் மெல்லச் சாய்ந்து படுத்தன.

"ரொம்ப நல்லா இருக்கு அங்கிள்" என்றாள் மூத்தவள். பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. யாரும் அதட்டாமல், யாரும் கெஞ்சாமல், அந்த வீட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே வாய்ப்பாடு படித்தது அன்றைக்குத்தான். தராசுக்கு யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

வேலை முடிந்து மனைவி வந்தபோது அவர் தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவர் இரண்டு பம்பரத்தையும் தட்டில் விட்டுக் காட்டினார். அவளும் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்று பார்த்தாள். முதலில் உதட்டைக் கடித்தாள், அப்புறம் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் மனசில் இருந்ததையெல்லாம் அவர் கொட்டித் தீர்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பிள்ளைங்களை மட்டும் சொல்றீங்களே, நீங்க எப்படி இருக்கீங்க? எங்க இடிச்சிடுவோமோன்னு ஓரமாவே நடக்கிறீங்க. ஒருநாளாவது அதுங்க மேல கோவப்பட்டிருக்கீங்களா?"

கோபப்படுகிற மாதிரி அவர்கள் ஒன்றுமே செய்யவில்லையே என்றார் அவர். அவள் தலையில் அடித்துக்கொண்டு உடை மாற்றப் போனாள்.

தராசு எழுந்தார். சமையலறைக்குப் போய்ப் பெரிய வாணலியைக் கொண்டுவந்தார். துண்டைச் சுருட்டிப் பிரிமணை மாதிரி வைத்து அதன்மேல் வாணலியை உட்கார வைத்தார். பிறகு பட்டறையிலிருந்து சட்டைப்பையோடு வந்துவிட்ட அரத்தைக் கையில் எடுத்தார். ஆயிரக்கணக்கில் சக்கரங்களை நேராக்கின கை, ஒன்றை வேண்டுமென்றே கோணலாக்க மறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துச் சிவப்புப் பம்பரத்தின் ஒரு விளிம்பைப் பரபரவென்று ராவினார். வாய்க்குள் அதனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

முதலில் நீலம், உடனே சிவப்பு என்று இரண்டையும் வாணலிக்குள் விட்டார். சிவப்பு வெறிபிடித்தாற்போல் வாணலியைச் சுற்றி ஓடி, நடுவில் தன் பாட்டுக்கு நின்ற நீலத்தின்மேல் பாய்ந்தது. இரும்பு வாணலி கணகணவென்று அதிர்ந்தது. நீலம் எகிறிக் குதித்து அலமாரிக்கடியில் போய் விழுந்தது. வாய்ப்பாடு பாதியில் நின்றது. அடுத்த கணம் இரண்டு தலைகள் வாசற்படியில் தெரிந்தன.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சின்னவன் அலமாரிக்கடியில் புகுந்து நீலத்தை எடுத்துவந்தான். மூத்தவள் லாஞ்சரை வாங்கிக்கொண்டாள். தோற்றவர் எழுந்துகொள்ள வேண்டும், வெளியே இருப்பவர் நடுவர் என்று அவளே சட்டம் போட்டாள். நீலத்தையும் ஒரு பக்கம் ராவிக் கொடுக்கச் சொன்னாள், அவரும் கொடுத்தார். முதலில் அக்கா தம்பியை ஜெயித்தாள். பிறகு தராசையும் ஜெயித்தாள். மறுபடி தம்பியை ஜெயித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

திரும்பி வந்து ஆடினால் தராசின் சிவப்பு ஜெயித்தது. சாதாரணமாக இல்லை, அவளுடைய நீலத்தை வாணலிக்கு வெளியே தூக்கி அடித்து ஜெயித்தது. தராசு தன்னை மறந்து தொடையைத் தட்டினார்.

மூத்தவள் அவரை உற்றுப் பார்த்தாள். நான் தண்ணி குடிக்கப் போனப்ப அரத்தை எடுத்தீங்களா என்று கேட்டாள். எடுக்கவில்லை என்று தராசு சாதித்தார். நடுவராக இருந்த சின்னவன் தவழ்ந்து வந்து அவருடைய முழங்காலை விரலால் தடவி, ஒட்டிக்கொண்டிருந்த சிவப்புத் தூளை எல்லாருக்கும் காட்டினான். தராசின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரே ஒரு இழுப்பு. அது கள்ளாட்டம் இல்ல, சர்வீஸ்."

அதற்குப்பிறகு கூடத்தில் நடந்ததை முழுசாகச் சொல்ல முடியாது, மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கள்ளாட்டம், கள்ளாட்டம் என்று கத்திய மூத்தவளுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்தது. தராசுக்கும் உண்மையாகவே சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் பட்டறையில் ஒரு ஆள் தன்னைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று அந்த ஏழு வயதுப் பெண்ணிடம் குரலை உயர்த்திச் சொன்னார். அவள் அவர் கையிலிருந்த பம்பரத்தைப் பிடுங்கப் பார்த்தாள். அவர் கொடுக்காமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கடைசியில் அவள் காலை உதைத்துக்கொண்டு எழுந்து சமையலறைப் பக்கம் ஓடினாள்.

"அம்மா, இவரைப் பாரும்மா. கள்ளாட்டம் ஆடிட்டு சண்டைக்கும் வர்றாரு."

தாய் கையில் கரண்டியோடு வந்து பஞ்சாயத்து செய்தாள். சாட்சி விசாரித்தாள், தூளைப் பார்த்தாள். அரத்தைப் பறிமுதல் செய்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தராசுக்கு அடுத்த ஆட்டம் கிடையாது, போய்ச் சுவரோரம் உட்கார வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். சொல்லும்போது கணவனின் முகத்தைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள்.

தராசு போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கோபம் இன்னும் முழுக்க இறங்கியிருக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் தன்னைப்பற்றி அம்மாவிடம் கோள்சொல்ல ஓடிய ஓட்டம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நெஞ்சு கொள்ளவில்லை. சந்தோஷம் தாங்காமல் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைக்கக் கையைத் தூக்கியதைச் சின்னவன் பார்த்துவிட்டான்.

"அக்கா, அவரு அழறாரு."

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு ஆட்டம் இல்லை என்றதற்கு இவ்வளவு பெரிய ஆள் அழுவதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் பம்பரத்தை லாஞ்சரில் மாட்டிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து வாணலிக்கு முன்னால் இடம் விட்டாள்.

"சரி, வந்து தொலைங்க. இன்னொரு தடவை ராவினா சேர்த்துக்கவே மாட்டோம்."

தராசு முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து வந்தார்.