பின் சீட்டில் பெட்ரோல்

என் வீட்டுக்காரர் வாயைத் திறக்க வேண்டுமென்றால் அவர் புல்லட் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்குள் ஒரு நாளைக்கு நாலைந்து வார்த்தை வந்தால் அதிகம். அதில் ஒன்று நிச்சயம் 'உப்பு' என்பதாக இருக்கும். அதே மனுஷன், நான் பின்னால் உட்கார்ந்து, வண்டி விருத்தாசலம் ஊரெல்லையைத் தாண்டிவிட்டால் போதும், ஓயாமல் பேசுவார். திட்டக்குடி போய்ச் சேருவதற்குள் சூளையில் நடந்தது, மேஸ்திரியிடம் சண்டை போட்டது, சின்ன வயதில் வெலிங்டன் ஏரியில் மூழ்கப் பார்த்தது எல்லாம் வந்துவிடும். பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். மீதி எனக்குப் போதும்.

நானும் அப்படித்தான். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராததையெல்லாம் முதுகைப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

கல்யாணமான புதிதில் ஒரு கூத்து நடந்தது. பெண்ணாடத்தில் பெட்ரோல் போட நிறுத்தினார். நான் இறங்கி, புடவையைச் சரி செய்துகொண்டு நின்றேன். மகராசன் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். பின்னால் நான் இருப்பதாக நினைத்துப் பேசிக்கொண்டே பாதி தூரம் போயிருக்கிறார். பதில் வரவில்லை என்று திரும்பிப் பார்த்தால் சீட்டு காலி. அன்றிலிருந்து வழியெல்லாம் "இருக்கியா?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. நான் முதுகில் இரண்டு தட்டு தட்டுவேன். அதுதான் பதில்.

அவர் பெயர் கொளஞ்சிநாதன். செராமிக் எஸ்டேட்டில் சூளை எரிக்கிறவர். நான் அன்புக்கரசி. அதே எஸ்டேட்டில், ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற இன்னொரு கம்பெனியில் மாடல் செய்கிறேன். எது செய்வதானாலும் முதலில் பிளாஸ்டரில் ஒரு மாடல் வேண்டும். அதிலிருந்துதான் அச்சு எடுப்பார்கள். எங்கள் வேலையில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. மண் காயும்போது சுருங்கும், சூளையில் வெந்தால் இன்னும் சுருங்கும். அதனால் மாடலை எப்போதும் பெரிதாகத்தான் செய்ய வேண்டும். அதற்கென்றே என்னிடம் ஒரு மர அளவுகோல் இருக்கிறது. அதில் ஒரு அங்குலம் என்பது ஊரார் அங்குலத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதைப் பார்த்து அளந்தால் சுருக்கத்துக்கான கணக்குத் தானாகவே சேர்ந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கோல்தான் என் கையில் இருக்கிறது.

2007 கோடையில் பாண்டிச்சேரிப் பையன்கள் சிலர் புல்லட்டில் வந்து எஸ்டேட் வாசலில் டீ குடித்தார்கள். லடாக் போய் வந்தவர்களாம். மணாலிக்கு அப்பால் ஒரு பெட்ரோல் பங்க், அதை விட்டால் அடுத்த பங்க்குக்கு முந்நூற்று அறுபத்தைந்து கிலோமீட்டர் போக வேண்டும் என்று போர்டே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இவருக்கு அது மண்டையில் ஏறிக்கொண்டது. பெரிய சூளையின் உள்சுவரைப் பிரித்துக் கட்டப் போகிறார்கள், ஒரு மாதத்துக்கு மேல் நெருப்புக் கிடையாது என்று தெரிந்ததும், "நானும் போவப் போறேன்" என்றார். உப்புக்குப் பதிலாக அன்றைக்கு அந்த வார்த்தை.

எங்கள் கம்பெனிச் சாமானும் அந்தச் சூளையில்தான் வேகும், அது இல்லையென்றால் எனக்கும் வேலை இல்லை. மகள் பூர்ணிமா சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் என்னைக் கட்டிப்போட்டு வைக்க ஒன்றுமில்லை. 'நீயும் வரியா?' என்று கேட்பார் என்று காத்திருந்தேன். ஸ்வெட்டரைப் பற்றிக்கூட யோசித்து வைத்திருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொன்னால். நானாகக் கேட்டிருக்கலாம்தான். கேட்டு, 'உனக்கு எதுக்கு அதெல்லாம்' என்று வந்துவிட்டால்? அதற்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஸ்பேனரோடு உட்கார்ந்து பின் சீட்டைக் கழற்றினார்.

அவர் பாட்டுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் இன்னொரு பெட்ரோல் டேங்க் வைக்கப் போகிறாராம். சூளைக்கு எண்ணெய்த் தொட்டியை உயரத்தில் வைக்கிறோம் அல்லவா, குழாயைத் திறந்தால் எண்ணெய் தானாக இறங்குகிறது அல்லவா, அதே கணக்குதானாம். பாதி வழியில் முன் டேங்க் தீர்ந்தால் பின் டேங்கைத் திறந்துவிட வேண்டியதுதானாம். கேனில் எடுத்துப் போனால் என்ன என்று கேட்டேன். கேன் ஒழுகும் என்றார். கழற்றிய சீட்டை உரச்சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, டேங்குக்கு மாடல் செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டார். அடியில் மட்கார்டு வளைவு வருகிறது, தகரத்தைத் தட்டி வளைக்க ஓர் உருவம் இருந்தால்தான் வெல்டிங் பக்கிரிக்குச் சுலபமாக இருக்கும் என்றார்.

பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடைய இடத்தை அடைக்கப் போகிற சாமானுக்கு நானே மாடல் செய்ய வேண்டும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் என் கை சும்மா இருக்காது. அவர் சொன்ன அளவுகளை வாங்கிக்கொண்டேன். கம்பெனியில் ஆளில்லாத பட்டறையில் உட்கார்ந்து, பிளாஸ்டர் கரைத்து, ஊற்றி, செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நல்ல மாடல். சும்மா சொல்லக்கூடாது, அந்த வருஷம் நான் செய்ததிலேயே அதுதான் அழகு. அவர் வந்து தடவிப் பார்த்து, "நல்லா இருக்குது" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

பக்கிரியின் வெல்டிங் பட்டறை ஜங்ஷன் ரோட்டில் இருக்கிறது. அவர் தகரத்தை அந்த மாடல்மேல் வைத்துத் தட்டி, ஓரங்களைப் பற்றவைத்து, தண்ணீர் ஊற்றி ஒழுக்குப் பார்த்து, மூடியும் குழாயும் வைத்து முடித்ததும் சொல்லி அனுப்பினார். நானும் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். வண்டியில் பின் சீட்டு இல்லாததால் அவர் வண்டியில் போனார், நான் ஷேர் ஆட்டோவில் போனேன். இனி அந்த வண்டியில் எனக்கு இடமில்லை என்பது அன்றைக்கே வெளிச்சமாகிவிட்டது.

இரண்டு பேரும் டேங்கைத் தூக்கி வண்டிமேல் வைத்தார்கள். அது உட்காரவில்லை. இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் தூக்கியது. ஷாக் அப்சார்பரில் இடித்தது, மட்கார்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பக்கிரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மாடலுக்கு இம்மி பிசகல அண்ணே. உங்க வண்டிதான் சின்னதா இருக்குது" என்றார்.

இவர் டேப்பை எடுத்து டேங்கை அளந்தார். அப்புறம் வண்டியை அளந்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தகரம் சுருங்காது. சூளையில் வேகிற சாமானுக்குச் செய்கிற மாதிரி, என்னுடைய அந்தக் கோலை வைத்து அளந்து, எட்டில் ஒரு பங்கு பெரிதாகச் செய்து கொடுத்திருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், சூளையிலேயே கிடக்கிற அவருக்கும் அது தெரியவில்லை. மாடல் என்றால் பெரிதாகத்தான் இருக்கும் என்று எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் பழகிவிட்டது. மண்ணோடு பிழைக்காத யாராவது பார்த்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

பக்கிரி சோடா வாங்கப் போனார். இவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"வேணும்னே பண்ணியா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி நாக்கு வரை வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் என் தொழிலில் நான் வேண்டுமென்று ஒரு சாமானைக் கெடுத்தேன் என்று என் வாயாலேயே சொல்ல முடியவில்லை.

"இல்லீங்க. சுருக்கம் சேத்துட்டேன். கைப்பழக்கம்."

அவர் முகத்தில் ஏதோ இறங்கியது. அப்பாடா என்று மூச்சு விடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். "சரி" என்றார். பக்கிரி வந்ததும், நடுவில் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொன்னார். இந்தத் தடவை டேங்க் நடுவில் ஒரு தழும்போடு, கச்சிதமாக என் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

விடிகாலையில் பழமலைநாதர் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பினார். "சாப்பாட்டப் பாத்துக்க" என்றார். நான் வீட்டில் இருக்கிறேன், சோறும் வீட்டில் இருக்கிறது, இதில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? வண்டி பாலக்கரை திரும்புகிறவரை நின்றேன். பின்னாலிருந்து பார்த்தால் அவர் முதுகு தெரியவில்லை, டேங்க்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. பேசாத மனுஷன் போனால் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது என்று நினைத்திருந்தேன். தெரிந்தது. அவர் பேசாமல் இருப்பது வேறு, யாருமே இல்லாமல் இருப்பது வேறு. ஒருத்திக்கு உலை வைக்கிற பானை வீட்டில் இல்லை. வைத்தால் மிஞ்சுகிறது, மறுநாள் அதையே தின்ன வேண்டியிருக்கிறது. பூர்ணிமா போனில், ஒரு வாரம் இங்கே வந்து இரேன்மா என்றாள். ஹாஸ்டலில் நான் எங்கே படுப்பது? சாயங்காலம் எஸ்டேட் பக்கம் நடந்து போய்ப் பார்த்தேன். சூளை வாயைத் திறந்துகொண்டு குளிர்ந்து கிடந்தது. அவர் உட்காருகிற ஸ்டூல்மேல் செங்கல் அடுக்கியிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு நாள் பரணிலிருந்து அந்தச் சீட்டை இறக்கினேன். சாக்கைப் பிரித்துத் துடைத்தேன். நடுவில் குழிந்து, ஓரத்தில் நூல் பிரிந்து இருந்தது. இத்தனை வருஷம் நான் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி. அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். மறைப்பானேன்.

அவர் வழியில் பூத்திலிருந்து கூப்பிடுவார். நாக்பூர் வந்துட்டேன், டெல்லி வந்துட்டேன், வண்டி நல்லா இருக்குது. அவ்வளவுதான். சாப்பிட்டீங்களா என்று நான் கேட்பதற்குள் வைத்துவிடுவார். மணாலியிலிருந்து கூப்பிட்டபோது, இனிமேல் போன் கிடைக்காது என்றார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நான் செல்போனைச் சமையலறைக்கும் கொல்லைக்கும் தூக்கிக்கொண்டே அலைந்தேன்.

ஒரு மத்தியானம் சோற்றில் கை வைத்திருந்தபோது போன் அடித்தது. லடாக்கில் லே என்கிற ஊரிலிருந்து பேசினார். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். குரல் அப்படி இல்லை.

"வந்து சேந்துட்டேன். அந்த டேங்க தெறக்கவே இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. முன் டேங்கில் போட்டதே போதுமாக இருந்ததாம். கொஞ்சம் மிச்சம்கூட இருக்கிறதாம். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சிக்கனமாக ஓட்டியிருக்கிறார். பின் டேங்க் தளும்பத் தளும்ப அப்படியே இருக்கிறதாம்.

"சும்மா செமந்துகிட்டு வந்தேன். ஆளு உக்காந்திருக்கற மாதிரியே கனம். ரெண்டு மூணு தடவ பேசிக்கூடப் பாத்துட்டேன்."

சிரிக்கிறாரோ என்று காதைத் தீட்டிக் கேட்டேன். சிரிக்கவில்லை. வண்டியில் போகிறபோது பேசுகிற குரல் அது.

"அன்னிக்கிப் பட்டறையில கேட்டேன் பாரு. நீ ஆமான்னு சொல்லுவேன்னு நெனச்சேன்."

"சொல்லியிருந்தா?"

"டேங்க பக்கிரிகிட்டயே போட்டுட்டு, வூட்டுக்கு வந்து சீட்ட மாட்டியிருப்பேன்."

அன்றைக்கு அவர் முகத்தில் இறங்கியது என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைப் போய் நிம்மதி என்று நினைத்தேனே. எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது, என்மேலும் வந்தது. ஒரு வார்த்தை நேராகக் கேட்டிருந்தால் என்ன? ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன? நான் வர வேண்டும் என்றுதான் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். போனில் காற்று மட்டும் இரைந்தது. சோறு கையில் காய்ந்துகொண்டிருந்தது.

"இருக்கியா?" என்றார்.

தட்டுவதற்கு முதுகு இல்லை.

"இருக்கேங்க" என்றேன்.