நியூட்ரலில் இழுத்த வண்டி

“கட்டி இழுத்தது யாரும்மா?”

“எங்க அண்ணன்தான் சார். லாரியில கயிறு கட்டி.”

“எஞ்சினை அணைச்சுட்டா?”

“வழியில நின்னு போன வண்டிதானே. நியூட்ரல்ல போட்டுட்டு ஸ்டியரிங்கை மட்டும் பிடிச்சுக்கோன்னான். வீடு வர பிடிச்சுக்கிட்டே வந்தேன்.”

மெக்கானிக் ஒரு தட்டைச் சாய்த்துக் காட்டினார். கியர்பாக்ஸிலிருந்து வடித்த எண்ணெய். சிவப்பாக இருக்க வேண்டியதாம், கரியாகக் கறுத்திருந்தது. மேலே பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. ஒரு நொடி அழகாகக்கூட இருந்தது. தேய்ந்த இரும்பு என்றார்.

“முதல்ல போனது சின்ன சென்சார்தாம்மா. ஒரு மதியத்துல மாத்தியிருப்பேன். ஆனா இது ஆட்டோமேடிக் கியர் வண்டி. எஞ்சின் ஓடினாத்தான் உள்ள ஆயில் சுத்தும். லாரி மாதிரி நினைச்சுக் கட்டி இழுத்தா எல்லாம் காஞ்சு தேஞ்சிடும். இப்ப முழு பாக்ஸையும் மாத்தணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். வண்டி வாங்கின விலையைவிட அதிகமா செலவாகும்.”

திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும். மண்பாதை ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவரும் வேலை. சொந்த வண்டி இருந்தால்தான் தருவார்கள். அதற்காகத்தான் இந்தப் பழைய எஸ்யூவி. தங்கிக்கொள்ள அறையும் உண்டு, இரண்டு ஜன்னல்கள் என்றார்கள். அண்ணன் வீட்டு முன்னறையில், பிள்ளைகளின் புத்தகப் பைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, அந்த ஜன்னல்களுக்கு மனத்துக்குள் திரை தைத்து முடித்திருந்தேன்.

வாசலில் டயர்க்கடைக்காரரிடம் அண்ணன் பெருமை அளந்துகொண்டிருந்தான். “என் தங்கச்சி வண்டிய்யா! ஒருத்தனைத் தொட விடுவேனா? நானே பூ மாதிரி இழுத்துட்டு வந்தேன்.”

எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவன்தான். அவர் என்னை விட்டுப் போன அன்று, “என் கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று தலையில் அடித்துக்கொண்டான். அதன் பிறகு என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. இந்த வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்த அன்றுதான் பார்த்தான். “இதுலயாச்சும் ஏமாறலடி,” என்று சிரித்தான்.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். “இழுத்ததால இல்ல, வாங்கும்போதே பாக்ஸ் போயிருந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடவா?”

“ஐயோ, வேணாம் சார். பார்த்து எடுத்ததும் அவன்தான்.”

இழுத்ததாலும் இல்லை, எடுத்ததாலும் இல்லை என்றால் மிச்சம் ஒரு காரணம்தான் இருந்தது. அண்ணன் செருப்பைத் தேய்த்தபடி உள்ளே வந்துகொண்டிருந்தான்.

“என்னங்க டாக்டரு, நம்ம புள்ள பிழைக்குமா?”

நான் மெக்கானிக் பக்கம் குனிந்தேன்.

“எனக்கு ஓட்டத் தெரியல, நான்தான் கெடுத்துட்டேன்னு சொல்லிடுறீங்களா சார்?”