நாலு விரல் தூரம்

சவுரிராயன் என்னைத் தேடி வந்த அன்று மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. 1940ஆம் வருஷம், ஐப்பசி. விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிர்த் தெருவில், மாடியில் கண்ணாடிக் கூரை போட்ட என் ஸ்டுடியோவுக்கு அந்த மாதத்தில் வெளிச்சமும் வராது, ஆளும் வரமாட்டார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். அவன் ரயில்வேயில் திண்டிவனம் பக்கம் தண்டவாளம் பார்க்கிற ஆள். சட்டைக்குள்ளிருந்து, மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான்.

"படிங்கய்யா. மாதா கோயில் சாமியார் எங்களுக்குப் படிச்சிக் காட்டிட்டாரு. இருந்தாலும் நீங்களே படிச்சாத்தான் வேலை இன்னான்னு புரியும்."

அவனுடைய தங்கை புருஷன் ராயப்பன் மலேயாவிலிருந்து எழுதியது. ஈப்போ பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். கல்யாணமாகி நாலாவது மாதம் கப்பல் ஏறியவன், மூன்று வருஷமாக வரவில்லை. எழுத்து தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணியுடையது, அழகான கையெழுத்து.

'நான் இவ்விடம் சுகம். லூர்துமேரியின் முகம் எனக்கு இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. குரல் வருகிறது, நடை வருகிறது, முகம் வரவில்லை. இதை எழுத வெட்கமாயிருக்கிறது. ஒரு போட்டோ எடுத்து அனுப்பவும்.'

எழுத வெட்கமென்றால், கிராணியின் மேஜைக்கு முன்னால் நின்று வாயால் சொல்ல எவ்வளவு வெட்கப்பட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"தங்கச்சிய இங்க கூட்டிக்கினு வாயேன்" என்றேன்.

"ரயில்ல ஏத்துனா பக்கத்துல குந்தியிருக்கிறவன் இருமலக் கேட்டுட்டு மயிலத்துலயே எறங்கிடுவான்யா." சிரித்தான். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. "க்ஷயம். டாக்டரு கைய விரிச்சிட்டாரு. மச்சானுக்குத் தெரியாது. தெரியவும் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினா."

திண்டிவனத்திலேயே ஒரு போட்டோக்காரர் வந்து பார்த்திருக்கிறார். குடிசைக்குள் இருட்டு என்று மக்னீசியப் பொடியைக் கொளுத்தியிருக்கிறார். அந்தப் புகையில் அவளுக்கு இரண்டு நாள் ரத்தமாக வந்ததாம். படத்தில் கண்கள் மூடியிருந்தனவாம்.

"உங்ககிட்ட இருட்டுலயும் பாக்கற கண்ணாடி ஒண்ணு இருக்குதுன்னு ரயில் கார்டு சொன்னாரு."

இருந்தது. போன வருஷம் சண்டை மூண்டபோது, புதுச்சேரியில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரத் துரையைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் விட்டுப்போன ஜெர்மன் காமிராவை அவருடைய சமையல்காரர், கோட்டக்குப்பத்து அமீர் பாட்சா, என்னிடம் விற்றார். உள்ளங்கையில் அடங்குகிற காமிரா. ஆனால் அதன் லென்ஸ், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண்ணாக இருந்தது. துவாரத்தை முழுக்கத் திறந்தால், வாசல் வழியாக வருகிற வெளிச்சமே போதும். பொடி வேண்டாம், புகை வேண்டாம்.

குறை ஒன்றுதான். தூரத்தைப் பார்த்துச் சரிசெய்கிற பகுதி கடற்காற்றில் பூத்துப்போயிருந்தது. எண்ணைப் பார்த்து லென்ஸை நாமே திருப்பி வைக்கவேண்டும். லென்ஸின் விளிம்பில் 1, 1.5, 2 என்று எண்கள்.

"இது இன்னா கணக்கு?" என்று அமீர் பாட்சாவைக் கேட்டேன்.

"மீட்டருங்க. நம்ம கஜத்துக்கு அவனுங்க வச்சிருக்கிற பேரு. ஜல்தி முடிங்க, எனக்கு அடுப்புல வேலை கெடக்குது."

நான் வளவனூர் ஜவுளிக்கடைக்குப் போய், அவர்களுடைய இரும்புக் கஜத்தை வைத்து ஒரு கறுப்பு நூலை அளந்து, ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஒரு நுனி காமிராவில். முடிச்சு எதிராளியின் கண்ணோரத்தில். எண்ணைத் திருப்பினால் முடிந்தது. ஒரு வருஷமாகத் திருவிழா, தேர், கல்யாண ஊர்வலம் எல்லாம் அந்த நூலை வைத்துத்தான் எடுத்தேன். எல்லாம் வெயிலில், துவாரத்தைச் சுருக்கி எடுத்தவை. சுருக்கிய துவாரம் எந்தத் தவறையும் மன்னித்துவிடும். அது எனக்குத் தெரியும். மன்னிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் தெரியாது.

மறுநாள் காலை திண்டிவனத்தில் இறங்கினேன். குடிசை ஊருக்கு வெளியே, மாதா கோயிலைத் தாண்டி இருந்தது. சவுரிராயன் பாயை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு, தங்கையைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். தலை வாரி, மல்லாட்டை எண்ணெய் தடவி, மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். மெலிவைப் புடவை பாதி மறைத்தது. கண்கள் மட்டும் நோயில் பெரிதாகிப் பளபளத்தன. எனக்கு மூச்சை அடக்கிக்கொள்ளத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன். அவள் அதைக் கவனித்தாள்.

நான் நூலை நீட்ட, சவுரிராயன் முதல் முடிச்சைப் பிடித்து அவள் கண்ணோரம் வைத்தான்.

"இன்னாடா இது, என்னைத் தூண்டில் போட்டுப் புடிக்கறாப்பல இருக்குது" என்றாள்.

"மூச்சு வுடாத. மீனு பேசக் கூடாது."

"அய்யா, பேசாம இவன் மூஞ்சிய எடுத்து அனுப்பிடுங்க. அவருக்கு ஊரு ஞாபகமே வராது, நிம்மதியா இருப்பாரு."

அவள் சிரித்ததும் இருமல் வந்தது. காத்திருந்தோம். அடங்கியபின் தலையை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, வேறு குரலில் கேட்டாள்.

"காது தெரியாம எடுக்க முடியுங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். காதுத் துளையில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமல் துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள். ராயப்பன் கப்பலேறும் முன் வாங்கிப் போட்ட சிவப்புக் கல் கம்மல், மருந்துக்கும் பாலுக்கும் போய்விட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொள் என்றான் அண்ணன். மூடினால் சீக்காளி மாதிரி இருக்கும் என்றாள். அது உண்மைதான்.

"கவலைப்படாதம்மா" என்றேன். "இந்தக் கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. கண்ணை வச்சி எடுத்தா கண்ணு, மூக்கு, வாய் மட்டுந்தான் தெளிவா விழும். காது பனி மூடினாப்பல மங்கிடும். குச்சியா கம்மலான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் முகம் இளகியது. காமிராவைப் பார்த்தாள். காமிராவையல்ல, அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் யாரையோ. முக்காலியில் வைத்து ஆறு படம் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நூலை வைத்து அளந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை.

மறுநாள் மத்தியானம் பிலிமைக் கழுவிப் பெரிதாக்கினேன். தட்டில் கிடந்த தாளில் முதலில் கறுப்பாகத் தலைமுடி வந்தது. பிறகு காது வந்தது. மடிப்புகள், மடலின் பூனை மயிர், துளை, அதில் செருகிய குச்சி, குச்சியின் ஒடிந்த முனையில் நார் பிரிந்திருந்தது வரை. முகம் வருமென்று காத்திருந்தேன். வந்தது. ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற யாரோ ஒரு பெண்ணாக வந்தது. ஆறிலும் அப்படித்தான்.

என் மனைவி அம்சா காயப்போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "முகத்தை விட்டுட்டுக் காதை எடுத்துக்கினு வந்திருக்கீங்களே" என்றாள்.

"அளவு சரியாத்தான் வச்சேன். உங்க ஊரு கடைக் கஜம்."

"காமிரா எந்த ஊருது?"

"புதுச்சேரியில வாங்கினது. துரையோடது."

"அப்போ அது புதுச்சேரிக் கஜம்தானே? அது நாலு விரல் தாராளமாச்சே. எங்கம்மா ரவிக்கைத் துணிக்கு அங்க போறதே அதுக்குத்தான்."

எனக்கும் தெரியும். வளவனூர்ச் சந்தையில் மீன் விற்கிற பெண்ணுக்குக்கூடத் தெரியும், பிரெஞ்சு எல்லை தாண்டினால் கஜம் நீளம் என்று. துணியைப் பற்றித் தெரிந்தது ஒரு பக்கமும் காமிரா இன்னொரு பக்கமும் என் தலைக்குள் ஒரு வருஷம் சந்திக்காமலே கிடந்திருக்கின்றன. என் நூல் நாலு விரல் குறைவாக இருக்க, லென்ஸ் அவள் கண்ணைத் தாண்டி நாலு விரல் பின்னால் பார்த்திருக்கிறது. விரல்களைச் சேர்த்து என் கண்ணோரத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு விரல். அதற்கப்புறம் காது.

அம்சா என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புது நூல் அளந்துகொண்டு மூன்றாம் நாள் திண்டிவனம் போனேன். இந்தத் தடவை அவள் உட்காரவில்லை, படுத்திருந்தாள். முந்தின நாள் நிறைய ரத்தம் போயிருந்தது. கன்னம் உள்ளே இறங்கி, முகத்தின் வடிவமே மாறியிருந்தது. என் கையிலிருந்த நூலைப் பார்த்துவிட்டு, "மறுபடியுமா?" என்றாள்.

"இன்னொண்ணு எடுத்து வச்சிக்கலாம்னு."

"இந்த மூஞ்சி வேணாங்க. ரெண்டு நாள் போவட்டும், தெளிஞ்சிடும். அன்னிக்கி எடுத்ததுல காது விழுந்துடுச்சா?"

"இல்ல" என்றேன்.

"அது போதும்."

கண்ணை மூடிக்கொண்டாள். நூல் சரியாக இருந்தது. வாசல் வெளிச்சம் அன்றைக்கு இன்னும் நன்றாக இருந்தது. முகம் தெளிவாக விழவில்லை என்று உண்மையைச் சொல்லியிருந்தால், அவள் எப்படியாவது எழுந்து உட்கார்ந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு வார்த்தைதான். நான் பெட்டியை மூடிக்கொண்டு, பேசாமல் அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு ரயிலுக்குப் போனேன். அதை அப்போது மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அடக்கம் முடிந்து சவுரிராயன் வந்தான்.

"மச்சானுக்கு இன்னும் எழுதலங்க. மொதல்ல மூஞ்சி போவட்டும். அப்புறமா எழுதிக்கலாம்."

படத்தைக் காட்டினேன். நூல், கஜம், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, காதையே வெகுநேரம் பார்த்தான்.

"காது தெரியக் கூடாதுன்னாளே" என்றான்.

நான் கத்தியை எடுத்து, காது இருந்த பக்கத்தை வெட்டினேன். அவளுக்குக் கொடுத்த வாக்கில் மீதியிருந்தது அது ஒன்றுதான். மிச்சத்தை உறையில் போட்டு, ஈப்போவுக்கு அனுப்பினோம்.

மாசி மாதம் பதில் வந்தது. சவுரிராயன் அதைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். உரக்கப் படித்தேன்.

'போட்டோ கிடைத்தது. கப்பலில் ஈரம் பட்டிருக்கும் போலிருக்கிறது, முகம் கலைந்து போயிருக்கிறது. எத்தனை பார்த்தும் பிடிபடவில்லை. ஆகையால் இன்னொன்று எடுத்து அனுப்பவும். இந்தத் தடவை கொஞ்சம் பக்கமாகத் திரும்பி, நான் போட்ட கம்மல் தெரிகிற மாதிரி உட்காரச் சொல்லவும். அது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அதைப் பார்த்தால் முகமும் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.'

ஜங்ஷனில் ஒரு கூட்ஸ் வண்டி பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இடியும் ஜன்னலில் வந்து மோதியது.

"அந்தப் பிலிம் இருக்குதா?" என்றான்.

"இருக்கு."

"அப்போ அதையே வெட்டாம போட்டு அனுப்பிடுங்கய்யா. கம்மலத்தானே கேக்கறாரு. குச்சியப் பாத்தா எல்லாம் புரிஞ்சிக்குவாரு. தங்கச்சி செத்துட்டான்னு என் வாயால சொல்லி எழுத வைக்க எனக்கு ஆவலங்க. மூணு மாசமா சாமியாரு வூட்டு வாசல் வரைக்கும் போய்க்கினு வந்துக்கினுதான் இருக்கேன்."

"காது தெரியாதுன்னு அவகிட்ட நான் சொன்னேன், சவுரி."

"நானுந்தான் சத்தியம் பண்ணேன். மேல போனா ரெண்டு பேருமே அவளுக்குப் பதில் சொல்லிக்கலாம்."

அன்று மத்தியானமே முழுப் படத்தையும் போட்டேன். காது முன்னைவிடத் துல்லியமாக வந்தது. அந்த லென்ஸ் எவ்வளவு நல்ல லென்ஸ் என்பதற்கு அதைவிட வேறு சான்று என்னிடம் இல்லை. கூடக் கடிதம் எதுவும் வைக்கவில்லை. பின்பக்கம் தேதி போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

உறையின் பின்பக்கம் என் ஸ்டுடியோ விலாசத்தைப் போட்டு, பங்குனி முதல் வாரத்தில் அனுப்பினோம். சவுரிராயன் மாதம் ஒருமுறை மாடியேறி வந்து, கதவருகில் நின்று என் முகத்தைப் பார்ப்பான். நான் இல்லையென்று தலையசைப்பேன். இறங்கிப் போய்விடுவான். பதில் வரவில்லை. மார்கழியில் ஜப்பான்காரன் ஈப்போவுக்குள் வந்து, கடிதப் போக்குவரத்தே நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவன் மாடியேறவில்லை. ஜங்ஷனில் பார்த்தபோது, பதில் சண்டையில் தவறிப்போயிருக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டான். நானும் ஆமாம் என்றேன். ஆனால் பங்குனிக்கும் மார்கழிக்கும் நடுவில், எந்தச் சண்டையையும் காரணம் சொல்ல முடியாத ஒன்பது மாதங்கள் இருந்தன.