ரத்தக்கட்டு

1
இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. சொன்னவள் நான். "இவங்க காலை யாராவது அழுத்தித் தேய்ச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது, "இல்லை" என்றேன். பெரியம்மா சசிரேகா இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பெரியப்பா வெங்கடேசன் உடலைக் கொண்டுபோக வண்டி தேடி வெளியே போயிருந்தார்.

2
உத்திரமேரூரில் அன்று மழை பிடித்துக்கொ— [அடித்துவிட்டேன். மழையெல்லாம் இல்லை.]

பெரியம்மாவுக்கு வரப்பில் விழுந்து முறிந்த கால். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்த நான்காம் நாள் கெண்டைக்கால் வீங்கிக்கொண்டது. "ரத்தக்கட்டா இருக்கும், உடனே ஸ்கேன் எடுங்க" என்றார்கள் ஆஸ்பத்திரியில். வெங்கடேசனுக்குத் தெரிந்த ரத்தக்கட்டு, அடிபட்டுக் கன்றிப்போவதுதான். அவர் கால் முன்னே வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் கைபட்டால் சுளுக்கு விடும் என்று நாலு ஊர்க்காரர்கள் தேடி வருவார்கள். சொந்தப் பெண்டாட்டிக்குச் செய்ய மாட்டாரா?

"இதுக்கு இன்னாத்துக்கு ஸ்கேனு? நாலு தபா உருவி வுட்டா கலைஞ்சிடும்."

"மெதுவாங்க, உசுரு போவுது" என்றாள் சசிரேகா.

[இந்த வரியை நான் கற்பனை செய்யவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.]

3
[குறிப்பு: அசையாத காலில் ரத்த ஓட்டம் மந்தமாகும். தேங்கிய இடத்தில் ஃபைப்ரின் என்ற நார் வலை பின்னி, அணுக்களைப் பிடித்துக்கொள்ளும். புதுக்கட்டி பாதி உறைந்த தயிர் மாதிரி, அழுத்தினால் பெயரும். பெயர்ந்தது இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் பிறகுதான் படித்தேன். படித்து என்ன புண்ணியம்?]

4
காரியம் முடிந்தும் பெரியப்பா யார் காலையும் தொடவில்லை. இன்று காலை பக்கத்து ஊர் மலர்க்கொடி வந்திருக்கிறாள். ஆபரேஷன் பிரசவம், படுக்கையில் மூன்று வாரம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீக்கம்.

"அவளுக்குத்தான் என் கை ஒதவல. உனுக்காவது ஒதவட்டும் கண்ணு" என்கிறார்.

காரணம் சொல்லாமல் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமே என்பீர்கள். அப்படியும் எழுதிப் பார்த்தேன். அதில் பெரியப்பா "ஏம்மா, நான் உருவக் கூடாதா?" என்று ஒரு கேள்வி கேட்டார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

மலர்க்கொடி காலை நீட்டிவிட்டாள். சொல்லத்தான் போகிறேன், வேறு வழியில்லை. சொன்ன பிறகு அந்த மனுஷன் எப்படி உயிரோடு இருப்பார் என்பதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் எழுதுங்கள்.